நேவியைக் குறை சொன்ன எட்டு மாதம்

என் வீட்டுக்காரர் ரெங்கசாமி இந்த ஊரில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினார். கடைசிப் பதினோரு வருஷம் நூற்று நாற்பத்தேழாம் எண் பஸ். ஹவ்காங்கில் கிளம்பி, சிராங்கூன் ரோட்டோடு தேக்கா வந்து, அதற்கு மேலும் போகும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட வழி தவறியதில்லை. பஸ்ஸுக்கு என்ன, தினமும் ஒரே வழிதானே என்று நீங்கள் நினைக்கலாம். கல்யாணமான புதிதில் நானும் அதை வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. தைப்பூசத்துக்கும் மாரத்தானுக்கும் ரோட்டை மூடுகிறபோது, பின்னால் நாற்பது பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, சந்து பொந்தெல்லாம் பஸ்ஸை வளைத்துக்கொண்டு போய் அடுத்த ஸ்டாப்பில் சேர்க்க எத்தனை பேரால் முடியும் என்று மூன்றாம் நாள் கேட்டார். சரி, முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் சொல்லப்போவது அவரைப் பற்றி. பாதி, அவர் வண்டிக்குள் இருக்கும் நேவிகேஷன் பெட்டியைப் பற்றி. எதுவரை பெட்டியின் கோளாறு, எங்கிருந்து அவருடையது என்று பிரித்துச் சொல்ல எனக்கு இப்போதும் தெரியவில்லை. குழம்பினது குழம்பினபடியே சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வீடு ஆங் மோ கியோவில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. தேக்காவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு நிலையத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிடைத்தது. நாலு மணி நேரம் ஊசியோடு நாற்காலியில் கிடக்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றும், கால் தள்ளாடும், எம்ஆர்டி ரயில் நிலையப் படி ஏற முடியாது. அறுபத்தொரு வயதில், இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்க வேண்டியவர், எனக்காக வேலையை விட்டார். மகள் வைஷாலி தன்னுடைய பழைய ஏழு சீட் வண்டியைத் தந்தாள். பத்து வருஷம் முடிந்து ஸ்கிராப்புக்குப் போக வேண்டியது. வண்டி வைத்துக்கொள்ள வாங்கும் சிஓஇ உரிமத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தாள்.

டயாலிசிஸில் ஒரு விஷயம் உண்டு. பன்னிரண்டு மணி நாற்காலி நாலரைக்கு அடுத்தவருக்கு. நான் அரை மணி தாமதமாகப் போனால் என் நாலு மணி நேரத்தில் அரை மணி போச்சு, யாரும் அதைக் கூட்டித் தர முடியாது. சுத்தமாகாத நீர் உடம்பிலேயே தங்கும். மறுநாள் செருப்பு காலில் நுழையாது, ராத்திரி படுத்தால் மூச்சு இழுக்கும். நான் நேரத்துக்குப் போய்ச் சேருவது அவர் கையில் இருந்தது. இரண்டு வருஷம் ஒரு நிமிஷம் பிசகவில்லை. பதினொன்று நாற்பதுக்கு என்னை இறக்கிவிட்டு, தேக்காவில் பால் கலக்காத கோப்பி ஓ ஒன்றை வைத்துக்கொண்டு நாலு மணி வரை பழைய பஸ் ஆட்களோடு கதையளந்துவிட்டு வருவார்.

அந்த வண்டியில் நடுவில் ஒரு திரை. ஜப்பானில் செய்யும்போதே உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி இருக்கும். வழி சொல்லும், ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். இரண்டு வருஷமும் இவர் அதை ரேடியோ கேட்க மட்டும்தான் தொட்டார். "முன்னூறு மீட்டர்ல லெஃப்ட்னு இவ எனக்குச் சொல்றாளாக்கும்" என்று கேலி செய்வார். போன தீபாவளி கழிந்ததும் திடீரென்று, ஏறி உட்கார்ந்தவுடன் அதில் முகவரியை அடிக்க ஆரம்பித்தார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதான காலத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்திருக்கிறது, விளையாடட்டும் என்று விட்டேன்.

அந்தப் பெட்டி ஆமை. முகவரியை அடித்தால் ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி எங்கள் அடுக்குமாடி புளோக்கை விட்டு வெளியே வந்து, இரண்டு சிக்னல் தாண்டிய பிறகுதான் வரைபடம் முழுசாக வரும். அதற்கப்புறம் வலப்பக்கம் திரும்பு என்று அது சொல்கிறபோது திருப்பம் எங்களுக்குப் பின்னால் இருக்கும்.

முதல் தாமதம் ஜனவரியில். எக்ஸ்பிரஸ்வேயில் வந்துகொண்டிருந்தோம். புக்கித் தீமா ரோட்டுக்கு வெளியேற வேண்டிய இடம் வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் திரையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வண்டி நேராகச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. உள்ளே போனால் வழியில் திரும்ப முடியாது. ஆற்றைத் தாண்டி எங்கேயோ வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. அவர் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்னங்க இது, ரெண்டு வருஷமா வர்ற வழி" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும், இது ஊரறிந்தது.

"மெஷின் ஸ்லோ, கமலா. அது சொல்லும்னு பார்த்துட்டு இருந்தேன், சொல்லல" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. வட்டம் சுற்றினதை நானும் கண்ணால் பார்த்தேனே. நிலையத்தில் சாயிரா பானு என்று ஒரு நர்ஸ், நல்ல பெண், ஆனால் நேரத்தில் கறார். அவளிடம் காரில் நேவி சரியில்லை என்றேன். பிப்ரவரியில் இரண்டு தடவை, மார்ச்சில் மூன்று தடவை அதையே சொன்னேன். கால் வீங்கியது. மூச்சு முட்டி ஒருநாள் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

ஃபோனில் வழி பார்க்கலாமே என்று வைஷாலி சொன்னாள். அவள் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர், அவளுக்கு எல்லாமே ஃபோனில்தான். இவர் மறுத்துவிட்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் ஃபோன் கண்ணில் படக்கூடாது, அது பஸ்காரர்களின் சட்டம். ஃபோனை எடுத்ததற்காக வேலை போன ஆட்களை அவருக்குத் தெரியும். வண்டியில் ஏறினதும் ஃபோனை அணைத்து என் கைப்பையில் போடுவார். ரிட்டயர் ஆன மனிதரை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பிடிக்கப்போகிறார் என்று கேட்டுப் பார்த்தேன். பயனில்லை.

"அப்ப அந்த நேவியவே அப்கிரேட் பண்ணிடலாம் மா. ஹார்ட் டிஸ்க் தான் ஸ்லோவா இருக்கும். என் ஃபிரெண்ட் ஒருத்தி காருக்கு செஞ்சிருக்கா, நம்பர் தர்றேன்" என்றாள் வைஷாலி.

அப்படித்தான் காக்கி புக்கிட்டில் அர்ஃபானின் கடைக்குப் போனோம். கார் ரேடியோ, கேமரா எல்லாம் பொருத்துகிறவர், நாற்பது வயது இருக்கும். திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து, பெட்டியை வெளியே இழுத்து, அதன் வயிற்றிலிருந்து சீட்டுக்கட்டு அளவில் ஒரு தகட்டைக் காட்டினார்.

"இதான் ஆன்ட்டி ஹார்ட் டிஸ்க். மேப் பூரா இதுக்குள்ள தான். உள்ள ஒரு தட்டு சுத்தும், ஊசி ஒண்ணு ஓடி ஓடிப் படிக்கும். பதிமூணு வருஷம் வெயில்ல வெந்து, ஹம்ப்ல குதிச்சு, பாவம் டயர்டாயிடுச்சு. ஊசி தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கார் டர்னிங்க தாண்டிடுது. இதுக்குப் பதிலா எஸ்எஸ்டினு புது மாதிரி டிஸ்க் போட்டா சுத்தற வேலையே இல்ல. டப்புனு வரும் லா."

"சுத்தாம எப்படி வேகமா வரும்?" என்று கேட்டேன்.

"அதுல எதுவும் அசையாது ஆன்ட்டி. அதனால தான் ஃபாஸ்ட்டு."

ஓடுகிறது மெதுவாம், சும்மா கிடக்கிறது வேகமாம். எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

வேலை லேசானதாக இல்லை. பழைய தகட்டில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகல் எடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தகட்டை ஜப்பானில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். வண்டியில் கரண்ட் இருக்கும்வரை திறந்திருக்கும், கரண்ட் அறுந்த மறு நொடி பூட்டிக்கொள்ளுமாம். அதனால் கரண்டை விடாமல், இன்னொரு வயரை மட்டும் பிடுங்கி மடிக்கணினியில் செருக வேண்டும். முதல் தடவை அர்ஃபானின் கை கொஞ்சம் ஆடிவிட்டது. பூட்டிக்கொண்டது. மறுபடி வண்டியில் வைத்து, உயிர் கொடுத்து, திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார். நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது அர்ஃபான் பேச்சுக் கொடுத்தார். "அங்கிள் என்ன வேலை செஞ்சீங்க?"

"பஸ் கேப்டன். தேர்ட்டி ஒன் இயர்ஸ்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு அங்கிள் நேவி? நீங்கல்ல அதுக்கு வழி சொல்லணும்."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, நான் என்ன செய்ய.

எல்லாவற்றையும் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினார்கள். நான் வாயில் இருந்த தண்ணீரை விழுங்குவதற்குள் வரைபடம் வந்துவிட்டது. ஆங் மோ கியோ என்று பாதி அடிப்பதற்குள் மீதியை அதுவே போட்டது. இவர் முகத்தில் அன்றைக்கு ஒரு மலர்ச்சி. அர்ஃபானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு தகட்டை மாற்றினதற்கு இவ்வளவு நன்றியா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. பதினொன்று நாற்பது, பதினொன்று முப்பத்தெட்டு. எனக்குக் கால் வீக்கம் வடிந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புளோக்கில் ஒருத்தி அது என்ன மருந்து என்று கேட்டாள்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண் குரல் தெளிவாக, நேரத்துக்கு, இடப்பக்கம் திரும்பு என்றது. இவர் நேராகப் போனார். குரல் அசரவில்லை, நொடியில் வேறு வழி போட்டு அதையும் சொன்னது. இவர் அதையும் விட்டார்.

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"எந்த லெஃப்ட்டுனு தெரியல" என்றார்.

அங்கே ஒரே ஒரு இடப்பக்கம்தான் இருந்தது. காது மந்தமாகியிருக்கும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். அந்த வாரமே காது சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருபது வயதுக்காரன் காது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மனுஷனுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று கேட்டு ஏமாறுகிற பொண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது வரைபடம். தாம்சன் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். அங்கே புது விரைவுச்சாலை வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது. இன்றைக்கு இருக்கிற ரோடு நாளைக்கு இருக்காது. நேவி சொன்ன இடத்தில் திரும்பினார், எதிரே தகரத் தடுப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். "பாத்தீங்களா, மேப் தப்பு, மேப் தான் தப்பு" என்று கைதட்டாத குறை. அன்றைக்கு நாற்பது நிமிஷம் தாமதம், ஆனாலும் மனசு லேசாக இருந்தது. நகல் எடுத்ததால் பழைய வரைபடமே புதுத் தகட்டிலும் வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். அடுத்த நாளே அர்ஃபானிடம் போய்ப் புது வரைபடம் ஏற்றச் சொன்னேன். ஏற்றிக் கொடுத்தார்.

இதற்கிடையில் சில சின்னச் சமாச்சாரங்கள். ஒருநாள் சாயங்காலம் திரும்பும்போது, நாங்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் குடியிருந்த புளோக்கின் கார்பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏதோ யோசனையில் வந்துட்டேன் என்று சிரித்தார், நானும் சிரித்தேன். இன்னொரு நாள் தேக்காவில் கோப்பி வாங்கப் போனவர் கையில் கோப்பி இல்லாமல் வந்தார். கடையில் கூட்டம் என்றார். இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நான் நினைக்கவே இல்லை, நினைக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன். என் உடம்பை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர், மகள், டாக்டர், சாயிரா. எங்கள் வீட்டில் நோயாளி என்றால் அது நான்தான், அந்த வேலையில் வேறு யாருக்கும் இடமில்லை.

போன வியாழக்கிழமை சிராங்கூன் ரோடு வழியாகப் போனோம். சாவியைத் திருப்பியதுமே வரைபடம். வரைபடத்தில் எல்லா ரோடும் புதுசு. குரல் கணீரென்று. மணி பதினொன்று முப்பது. கோயிலைத் தாண்டி, இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பு என்றது. எனக்கே தெரிந்த திருப்பம்.

இவர் இடப்பக்கம் சிக்னல் போட்டார்.

முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், பஸ் ஸ்டாப்புக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. நாங்கள் நின்றோம். அப்புறம் ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். எங்கள் வண்டியில் பின்கதவு தானாக நகர்ந்து திறக்கும். இடப்பக்கக் கதவு முழுசாகத் திறந்தது. வெயிலும் ரோட்டுச் சத்தமும் உள்ளே வந்தன.

ஸ்டாப்பில் நாலைந்து பேர். தள்ளுவண்டிப் பையோடு ஒரு சீனப் பாட்டி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுமானத் தொழிலாளி, யூனிஃபார்மில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். இவர் தலையைச் சற்றுச் சாய்த்து இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தச் சாய்ப்பை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முழு சுற்று போய் வந்திருக்கிறேன். ஆட்கள் ஏறுவதற்குக் காத்திருந்தார். முகம் அமைதியாக, ரொம்ப நிம்மதியாக இருந்தது. இந்த எட்டு மாதத்தில் ஸ்டீயரிங் முன்னால் அவரை அப்படி நான் பார்க்கவே இல்லை.

பாட்டி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி சீட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கிராப் ஆ?" என்று கேட்டாள், வாடகைக் கார் என்று நினைத்து.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். யாரும் ஏறவில்லை. இவர் பொத்தானை அழுத்திக் கதவை மூடி, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, பின்னால் வந்த டாக்சிக்கு வழிவிட்டு, ஸ்டாப்பை விட்டு எடுத்தார். எங்கும் ஒரு தப்பு கிடையாது. அதற்குள் நேவி இரண்டு தடவை புது வழி போட்டுவிட்டது. அது சொல்லிக்கொண்டேயிருந்தது.

அடுத்த ஸ்டாப் வந்தது. மறுபடி இடப்பக்கம் சிக்னல் போட்டார்.

அவர் கைமேல் என் கையை வைத்தேன். "ஏங்க."

திரும்பிப் பார்த்தார். யாரோ பாசஞ்சர் டிரைவரைத் தொட்டுவிட்ட மாதிரிதான் முதலில் பார்த்தார். பிறகு அந்தப் பார்வை மாறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தில் இருந்த நிம்மதி போய்விட்டது. அதை நான்தான் போக்கினேன்.

"ரைட்ல போங்க, நான் சொல்றேன்" என்றேன். நேவியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு திருப்பமாக நான் வழி சொன்னேன். சுற்றிக்கொண்டு வந்து நிலையத்தின் பின்னால் நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் இறங்கவில்லை.

"மணி என்ன?" என்று கேட்டார்.

"பன்னெண்டு பத்து."

"அர்ஃபானுக்கு ஃபோன் போடு கமலா."

"எதுக்கு?"

"பழைய டிஸ்க்கு வச்சிருப்பாப்ல. அதையே திரும்பப் போட்டுத் தரச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. "ஏன், இது நல்லாத்தான ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. எல்லாம் கரெக்டா சொல்லுது" என்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அது ஸ்லோவா இருந்த வரைக்கும், தப்பு அதோடதுனு சொல்லிட்டு இருந்தோம். இப்ப யார சொல்றது?"

வெளியே யாரோ ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"எப்பலேருந்துங்க?"

"தீபாவளிக்கு முந்தின வாரம். உன்ன உள்ள விட்டுட்டுக் கோப்பி குடிச்சுட்டு வந்தேன். தேக்கா கார்பார்க்குல வண்டிகிட்ட நிக்கறேன், எங்க போகணும்னு தெரியல. நீ எங்க இருக்கன்னும் தெரியல. கொஞ்ச நேரம்தான், அப்புறம் வந்துடுச்சு. மறுநாள்லேருந்து தான் அந்தப் பெட்டியில அட்ரஸ் அடிக்க ஆரம்பிச்சேன். அது சொன்னா போயிடலாம்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா நீ வண்டியில ஏறுவியா? ஏறலன்னா எப்படி வருவ?"

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஃபோனை எடுத்தேன். வைஷாலிக்குப் போடுவதற்கு இல்லை. அர்ஃபானின் பெயரைத் தேடி எடுத்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டுக் கொடுத்துவிடுவார், கேட்டால் செய்கிற ஆள். மறுபடி வட்டம் சுற்றும். சாயிராவிடம் நேவி சரியில்லை என்பேன். வீட்டில் சிரித்துக்கொள்வோம். வீங்கின காலோடு இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். எனக்கு அது போதும் என்றுகூடத் தோன்றியது. அந்தப் பழைய தகட்டை அவர் எவ்வளவு விரும்பினாரோ, அதைவிட நான் விரும்பினேன்.

பிறகு அந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஸ்டாப்பில் நிற்காமல் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால்? ஃபோனைக் கைப்பைக்குள் போட்டேன்.

"சாவிய என்கிட்ட குடுங்க" என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஓட்டத் தெரியாத பொண்டாட்டி சாவியைக் கேட்கிறாள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் ரெண்டு நாள் என்னோடு பேசாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அவர் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, சீட்டில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

எட்டு மாதமாக எவ்வளவு பயந்துகொண்டு என்னை ஏற்றிப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டரை மணிக்கு அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன், போகிறபோதே அழுதுவிட்டேன்.